குளவியம்மாவின் நல்ல பிள்ளைகள்

எங்கள் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லாரும் குளவியம்மா என்பார்கள். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷி. அவர் வளர்க்கும் குளவிக்கும் கொட்டத் தெரியாது. ஒரு முற்றுப்புள்ளி நடந்துபோவது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பயிரைத் தின்னும் புழுவின் தாய் அந்துப்பூச்சி. அது இலையில் வைக்கும் முட்டைக்குள் இந்தக் குளவி தன் முட்டையை வைத்துவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். மருந்தே அடிக்காத வயல் என்பது நிலையத்தின் தலைவியான எங்கள் மேடத்தின் கனவு.

நான் பக்கத்து அறையில் செடி வளர்க்கிறவன். பூச்சி தின்பதற்கென்றே செடி வளர்க்கிற பிழைப்பு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள். குளவியம்மாவின் அறையில் எல்லாம் கண்ணாடிக் குழாய்கள். வாயில் இறுக்கக் கட்டிய துணி, உள்ளே பூச்சி முட்டைகளைப் பசையில் ஒட்டிய அட்டை. குளவிகள் வெளியே வந்ததும் துணியை அவிழ்த்து அடுத்த அட்டையை நுழைக்க வேண்டும். அந்த நேரத்தில் சில குளவிகள் விருட்டென்று ஜன்னல் வெளிச்சத்துக்குப் பறந்துவிடும். போனது போனதுதான். அட்டையிலேயே ஊர்ந்துகொண்டு நிற்பவற்றை வைத்து அடுத்த தலைமுறையை வளர்ப்பார். "இதுங்கதான் நல்ல பிள்ளைங்க. சொன்ன பேச்சு கேக்கும்" என்று என்னிடம் காட்டுவார். பல வருஷமாக இப்படித்தான். வரவர ஓடிப்போகிற குளவியே குறைந்துவிட்டது. குளவி வீணாகாத அறை என்று மேடம் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மெச்சினார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

அவருக்கு ஒரே தம்பி. குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார். போன போகம் வெள்ளத்தில் போயிற்று. இந்தப் போகமும் கைவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு, குடும்பத்தோடு வேறு பிழைப்புத் தேடிப் போக வேண்டியதுதான். சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு வந்துவிட்டது என்று பேச்சு அடிபட்டதும் பக்கத்து வயல்காரர்கள் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். தம்பி அக்காவுக்கு போன் செய்தார்.

"மருந்து மட்டும் அடிச்சிடாதடா. என் குளவி செத்துடும்" என்றார் அக்கா.

மருந்து பட்டால் புழுவுக்கு முன்னால் குளவிதான் சாகும், அது உண்மை. தம்பி வயலில் குளவியை விட மேடமும் சம்மதித்தார். ஆய்வகத்தில் சின்னக் கிண்ணத்துக்குள் விட்டுப் பார்த்தபோது படைப்புழு முட்டைகள் ஒன்றுவிடாமல் கறுத்திருந்தன. குளவி ஏறிய முட்டை கறுத்துப்போகும். வயலில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நானும் ஜீப்பில் கூடப் போனேன். இடம் விட்டு இடம் விட்டு, இலைக்கு அடியில் அட்டைகளை ஸ்டேப்ளர் அடித்தோம். குளவி கண்ணுக்கே தெரியவில்லையே என்றார் தம்பி. உங்கள் அக்கா பேசுவதுகூடத்தான் காதில் விழாது, வேலை நடக்கிறதல்லவா என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஜீப் கிடைக்கவில்லை. பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்று வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இலையில் ஓட்டை தெரிகிறது என்று தம்பி இரண்டு மூன்று முறை போன் செய்தார். குளவிக்குக் கொஞ்சம் நாள் கொடு, பொறுமையாக இரு என்றே அக்கா சொன்னார். அவரும் பொறுமையாக இருந்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது சுற்றியிருந்த வயல்கள் பச்சையாக நின்றன. தம்பியின் வயல் சல்லடையாகக் கிடந்தது. குளவியம்மா ஓட்டமும் நடையுமாகப் போய், அட்டை மாட்டிய இலை ஒன்றைத் திருப்பினார். அதிலிருந்த முட்டைகள் கறுத்திருந்தன. முகம் ஒரு கணம் மலர்ந்தது. பக்கத்துச் செடிக்குப் போனார். அங்கே அந்துப்பூச்சி முட்டைமேல் போர்த்திய பஞ்சு மட்டும்தான் ஒட்டியிருந்தது. புழு எப்போதோ பொரிந்து குருத்துக்குள் இறங்கியிருந்தது. அடுத்த செடியும் அப்படியே. வயல் முழுக்க இதே கதை. அட்டை இருந்த செடியைத் தாண்டி ஒரு குளவியும் போகவில்லை.

மேடத்தை போனில் கூப்பிட்டு நான்தான் சொன்னேன். குழாயைத் திறக்கும்போது எந்தக் குளவியை வளர்ப்புக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஓடிப்போகாததை என்றேன்.

"பறக்கிறதையெல்லாம் கழிச்சுக் கழிச்சு, நடக்கிறதை மட்டும் பெருக்கியிருக்கோம்" என்றார் மேடம்.

கிண்ணத்துக்குள் நடந்தாலே போதும், வயலில் போதாது. கூட்டம் போட்டு மெச்சினோமே, எங்களில் ஒருத்தருக்காவது இது உறைத்ததா? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட குளவியம்மா, அடுத்த செடியின் இலையைத் திருப்பிப் பார்க்கப் போனார்.

தம்பி வரப்பில் வந்தார். தோளில் தெளிப்பான். மருந்தைக் கலந்து தயாராகவே வைத்திருந்தார்.

"நீ வருத்தப்படாதக்கா. நீ சொன்ன மாதிரி நான் ஒரு சொட்டுகூட அடிக்கல. இப்ப அடிக்கலாமா?"

குளவியம்மா ஒரு குருத்தை விரித்தார். அடி ஆழத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குப் புழு கிடந்தது. அதன் எச்சமே மேலே மூடிபோல் அடைத்துக்கொண்டிருந்தது. இந்த அளவுக்கு வளர்ந்து உள்ளே போய்விட்டால் மருந்து இறங்காது. எனக்கும் தெரியும். சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

"அடிச்சாலும் உள்ள போகாதுடா" என்றார் அவர்.

தம்பி திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெளிப்பானை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார்.

"சரிக்கா. இனிமே என்ன பண்ணணும்னு நீயே சொல்லு. அப்படியே செய்றேன்."

தம்பி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.