வெல்டிங்கை நிறுத்தியவள்

மாவு மில்லில் அவளுக்குப் பெயர் தூசி அக்கா. மூன்றாவது மாடியில் சல்லடை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

ஆறு வருடத்துக்கு முன், கோதுமையை மேலே ஏற்றும் இயந்திரத்தில் ஒரு பேரிங் தேய்ந்து சூடேறியது. காற்றில் மிதந்த மாவுத்தூசி குப்பென்று பற்றியது. கண்மூடித் திறப்பதற்குள் அவளுடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. மூட்டை ஏற்றுபவர் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இருபது நிமிடம் கைகளில் தண்ணீர் விட்டபடியே நின்றார். விரல்கள் பிழைத்தன. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள்.

"இனிமே கை அரிச்சா தொடையைச் சொறியணுமா டாக்டர்?" என்று கேட்டு, அந்த வலியிலும் நர்ஸைச் சிரிக்க வைத்தாள்.

திரும்பி வந்தவளுக்கு முதலாளி அலுவலக நாற்காலி தருவதாகச் சொன்னார்.

"உட்கார்ந்தே இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். தூசியைக் கவனிக்கிற வேலையைக் குடுங்க."

கொடுத்தார். எந்த வேலையையும் நிறுத்தும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார்.

ஒருநாள் உடைந்த குழாயைப் பற்றவைக்க ஒரு புது வெல்டர் வந்தார். அவள் மேலே இருந்த இரும்பு உத்தரத்தை விரலால் வழித்தாள். விரல் வெள்ளையானது.

"நிறுத்துங்க மாஸ்டர். முதல்ல சுத்தம் பண்ணணும்."

"பத்து நிமிஷ வேலைங்க."

"இந்தத் தூசி கிளம்பினா ஒரு பொறி போதும். பத்து நிமிஷமெல்லாம் வேண்டாம்."

வெல்டர் முதலாளியிடம் போய்க் குறை சொன்னார். "அவங்க சொன்னா நானே நிறுத்தணும். என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்?" என்றார் முதலாளி.

இயந்திரங்கள் நின்றன. அவள் தூசி உறிஞ்சும் குழாயோடு ஏணியில் ஏறினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற வெல்டர், சற்று நேரத்தில் தானும் ஒரு உறிஞ்சு குழாயை எடுத்துக்கொண்டார். மூன்று மணி நேரம். தலையிலிருந்து கால்வரை மாவாகிவிட்டார்.

"தண்ணி தெளிச்சா உங்களைப் பிசைஞ்சிடலாம்" என்றாள். அவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகுதான் அவள் கைகளைக் கவனித்தார். என்ன ஏது என்று கேட்டார், சொன்னாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்த லைட்டரை எடுத்து, மூன்று மாடி இறங்கிப்போய் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். "குழாய் எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு." அதற்கடுத்த வாரமும் வந்தார்.

"குழாய் நல்லாதான் இருக்கு. வந்த விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள்.

காது சிவக்கச் சொன்னார்.

அவளுடைய அம்மாவுக்குத்தான் கவலை. "தழும்பைப் பார்த்துட்டு உங்க வீட்ல ஏதாவது சொல்லப்போறாங்க தம்பி."

வெல்டர் சட்டைக் கையை மடித்து, பொறி பட்ட புள்ளிகளைக் காட்டினார். "எங்க வீட்ல இதையே எண்ணி முடிக்கல அத்தை."

இரண்டு மாதத்தில் கல்யாணம். மில்லுக்கு அன்று விடுமுறை. மாப்பிள்ளை வீட்டாரைவிட மில்காரர்கள்தான் விருந்தை ஒரு பிடி பிடித்தார்கள்.