எண்ணெய்க்குள் ஓடிய கம்ப்யூட்டர்

குமுதா இட்டுக்கட்டிப் பேசுகிறவள் அல்ல. அவள் இருக்கும் பாயான் பாரு ஊர் ஃப்ளாட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இது அவள் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

அவளுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூக்கம். கணவன் கோகுலனின் கம்ப்யூட்டரோ காற்றாடிச் சத்தத்தில் வீட்டையே அதிர வைக்கும். ஒருநாள் அவள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். மறுவாரமே அவன் ஒரு மீன் தொட்டி வாங்கி, மின்சாரம் பாயாத மினரல் ஆயிலை ஊற்றி, கம்ப்யூட்டரின் உள்பாகங்களை அப்படியே அதில் முக்கிவிட்டான். சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டது. சத்தமும் அடங்கியது. பைத்தியக்கார வேலை என்று தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குமுதா நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு காலை, நண்பன் அக்மலைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போன கோகுலன் லாரியில் அடிபட்டு, அங்கேயே உயிரை விட்டான்.

இறுதிச் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த மாலை, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வீடியோ. தொட்டியைக் காட்டிச் சிரிக்கிறான் கோகுலன்.

"பாரு குமுதா, சத்தமே இல்ல. நீ தூங்கு."

அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. அணைத்தால் அந்த முகமும் குரலும் போய்விடும். அதனால் கண்ணை இமை காப்பதுபோல் காத்தாள்.

கீபோர்டில் எண்ணெய் விரல் தடம் இருந்தது. துடைத்தாள். மறுநாளும் இருந்தது...

அக்மலுக்கு ஃபோன் செய்தாள்.

"வயர் வழியா எண்ணெய் ஏறி வரும்க்கா. பயப்படாதீங்க லா. கொறைஞ்சா ஊத்துங்க."

விரல் தடம் எப்படி வரும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவுமில்லை.

எண்ணெய் குறைந்துதான் இருந்தது. மினரல் ஆயில் தீர்ந்துபோயிருந்தது. கோகுலன் படத்துக்கு முன்னால் பதினாறாம் நாள்வரை அணையக்கூடாத விளக்கு. அதற்கு வாங்கிய நல்லெண்ணெயை எடுத்தாள். இரண்டும் அவருக்குத்தானே என்று தொட்டியிலும் ஊற்றிவிட்டுப் படுத்தாள்.

மதியம் இரண்டேகால் இருக்கும்.

ர்ர்ர்ர்ர்...

விழித்தாள். தொட்டி கலங்கியிருந்தது. உள்ளே காற்றாடி திணறியது.

வீடியோவில் கோகுலன் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்க்கவில்லை.

கட்டிலைப் பார்த்தான்.

"சத்தமா இருக்கா, குமுதா?"

"இல்லங்க... இல்ல... ஆஃப் பண்ணாதீங்க!"

டக்.

திரை கறுத்தது.

மாலையில் அக்மல் வந்தான். என்ன செய்தும் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. தொட்டிக்கு வெளியே இருந்த சிறு பெட்டியைத் தொட்டான். "ஹார்ட் டிஸ்க் எண்ணெய்ல இருக்கக்கூடாதுக்கா. இதுலதான் வெச்சிருப்பான்."

திறந்தான். காலி.

பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தான். "டிஸ்க் கெட்டுப்போச்சுன்னுதான் அன்னைக்கு என்கிட்ட கொண்டு வந்துட்டு இருந்தான்... வேற ஒண்ணு மாட்டியிருப்பான்னு நெனச்சேன்... அது இல்லாம வீடியோ எப்படிக்கா ஓடும்?"

விபத்தில் கிடைத்த கோகுலனின் பொருள்கள் என்று போலீஸ் கொடுத்த பையை அவள் அதுவரை திறக்கவில்லை. திறக்க மனம் வரவில்லை. இப்போது திறந்தாள். துணியில் சுற்றியபடி, டிஸ்க் இரண்டாக உடைந்து கிடந்தது.

குமுதா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் ஆஃப் பண்ணாதீங்கன்னு சொன்னது... அவருக்குக் கேட்டிருக்குமா தம்பி?"