இரு மகள்களுக்குள்ளும் கேட்ட மூச்சு

1963 ஜூன்: மூத்த மகள் ரோஸி, ஓமலூரில், தலைவலியோடு வந்த கடும் இரத்த அழுத்தத்தால் இறந்தாள்.
1964 ஜனவரி: இளையவள் ஸ்டெல்லாவுக்கும் அதே தலைவலி தொடங்கியது.

முன்பு அக்காளின் வயிற்றில் தலைவைத்துப் படுத்த ஸ்டெல்லா, “உள்ள ஆரோ மூச்சு உடறாங்கப்பா” என்றாள். நாங்களும் காதுவைத்துக் கேட்டோம். பேய் என்றஞ்சி மந்திரித்த எண்ணெய் தடவினோம், மருத்துவரிடம் சொல்லவில்லை.

இப்போது ஸ்டெல்லாவின் வயிற்றில் காதுவைத்த என் மனைவி வெளிறிப்போனாள். “அதே மூச்சுங்க. மூத்தவ இவளுக்குள்ள வந்துட்டாளுங்க!”

இம்முறை மருத்துவரிடம் சொன்னேன். தொப்புளுக்கு மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். “பேயில்லைங்க. ஒரு சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிக் கிடக்குது. ரத்தம் இடுக்குல நுழையற சத்தமுங்க.”

சென்னையில் அந்தச் சிறுநீரகத்தை அகற்றியதும் அழுத்தம் தணிந்தது.

இன்று வீட்டில் எவர் எதைச் சொன்னாலும், அது அச்சமூட்டினாலும், மருத்துவரிடம் அப்படியே சொல்கிறேன்.

செய்யாமல் எஞ்சியவை: ரோஸியின் கல்லறையில் பெயர் பொறிப்பது, அவளுடைய புடவைகளை எவருக்கேனும் கொடுப்பது, ஸ்டெல்லாவிடம், அன்று அவள் கேட்ட மூச்சு அக்காளைக் கொன்ற நோய்தான் என்று சொல்வது.