மான்கறி என்று விற்ற ஆடு

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் அக்கா கறிக்கடை வைத்திருந்தாள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் முடியோடு விட்டிருப்பாள். வெள்ளாடா செம்மறியா என்று வருகிறவர்கள் அந்த வாலைப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

அவளுடைய பெரிய வாடிக்கை ஒரு பீங்கான் கம்பெனி முதலாளி. ஞாயிறுதோறும் முழு ஆடு எடுப்பார். அந்த ஒரு ஆட்டில்தான் அவள் பிள்ளைகளின் படிப்பே ஓடியது. வெளிநாடு போய் வந்ததிலிருந்து மனுஷருக்கு மான் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

“அங்கல்லாம் மானுக்கே பண்ணை வச்சி வளக்கறாங்க. கடையிலயே தொங்குது. வடக்கேர்ந்து ஆர்டர் குடுக்கறவங்க வராங்க, எனக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணும்மா” என்றார்.

“இங்க மானத் தொட்டா ஜெயிலுங்க. ஆடு வேணும்னா தரேன்” என்றாள் அக்கா.

மறுவாரமே ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அந்தக் கடைக்காரர் பலே கெட்டிக்காரர். வெள்ளாட்டின் வாலை நறுக்கி எறிந்துவிட்டு, மான்கறி என்று கட்டிக் கொடுத்தனுப்பினார். விருந்தாளிகள் மெச்சி மெச்சிச் சாப்பிட்டார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

பேச்சு ஊரெல்லாம் பரவி, வனத்துறை ஆட்கள் எதிர்க்கடைக்கு வந்து, அடுத்த தடவை முதலாளிக்காகக் கட்டிவைத்திருந்த கறியைப் பிடித்துவிட்டார்கள். “ஐயா, ஆடுதாங்க” என்று கடைக்காரர் அழுதார். வால் இல்லாத ஆட்டுக்கு யார் சாட்சி? தன் வினை தன்னைச் சுடும் என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

“நீ வாயத் தொறக்காதக்கா, ஆர்டர் தானா நம்மகிட்ட வந்துரும்” என்று அவள் கையைப் பிடித்தேன். உண்மை வெளியே வந்தால், மான் தின்ற பெருமையில் திரிந்த முதலாளிக்கு ஊர் முன்னால் தலைகுனிவு. சொன்னவள் கடைக்கு அவர் மறுபடி வருவாரா? அக்காவுக்கும் அது தெரியும்.

கையை உதறிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

“சார், அது ஆடுதாங்க. வேப்பூர் சந்தையில நான் வெல கேட்டுட்டு உட்ட கெடா. இவரு வாங்குனத பக்கத்துல நின்னு பாத்தேன். கறிய டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, எங்க வேணா வந்து சொல்றேன்.”

டெஸ்ட்டில் ஆடு என்றே வந்தது. கடைக்காரர் தப்பித்தார்.

அடுத்த ஞாயிறு முதலாளியின் கார் எங்கள் கடையைத் தாண்டி நிற்காமல் போனது. அக்கா ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழு ஆட்டையும் கால் கிலோ, அரைக் கிலோவாக வெட்ட ஆரம்பித்தாள். அவள் தங்கை என்பதில் அன்று எனக்கிருந்த பெருமையைச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று எடை போட்டுக் கொடுத்தேன்.