மலைப்பாதையில் என் மகள்

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போய்வரும் என் மகள், அங்கே ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை. மாவட்டத்துப் பெண் தலைமையாசிரியைகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கை, பயிற்சிச் செய்தி எல்லாம் அதில் வரும். மலைப் பள்ளிக்குப் போகிறவர்கள் தினமும் போய்ச் சேர்ந்ததும் “வந்தாச்சு” என்று போட வேண்டும்.

“பள்ளிக்கூடம் போனதுக்கெல்லாமா தண்டோரா?” என்று நான் கிண்டல் செய்வேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், அவள் ஸ்கூட்டரில் கிளம்பி வெகுநேரம் கழித்து எனக்கு போன் வந்தது. மலையடிவாரப் பள்ளியின் தலைமையாசிரியை பேசினார்.

“ஏங்கம்மா, உங்க பொண்ணு இன்னிக்கி லீவுங்களா? குரூப்புல ஒண்ணும் போடலீங்க, போனும் போகலீங்க.”

“இல்லீங்க, அப்பவே வூட்ட வுட்டுக் கெளம்பிட்டாளே!”

“பதறாதீங்க. எங்க ஸ்கூல் சாரை வண்டியில அனுப்பறேன்.”

வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி, சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத சரிவில் கால் முறிந்து கிடந்திருக்கிறாள். செல்போனில் சிக்னல் இல்லை. தேடிப் போன ஆசிரியர்தான் அவள் குரல் கேட்டு இறங்கித் தூக்கினார்.

கால் கூடிவிட்டது. இப்போது பஸ்ஸில் போகிறாள். அவள் பஸ் ஏறியதும் நானே அந்தத் தலைமையாசிரியைக்கு போன் செய்கிறேன். “சொல்லுங்கம்மா, ஏறிட்டாங்களா?” என்று அவரே முந்திக்கொள்கிறார்.