வலது கண்ணில் ஒரு கீறல்

ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் டான்சில் ஆபரேஷனுக்கு என்னைக் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மயக்கம் தெளிந்தபோது ஐஸ்கிரீம் நினைவே வரவில்லை. வலது கண்ணில் கரும்புச் சோகையின் இலை விளிம்பு கிழித்தது போல எரிந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே தண்ணீராகக் கொட்டியது. சொல்லலாமென்றால் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"மயக்கம் தெளியறப்ப எல்லாப் புள்ளைங்களும் அழும்மா. தொண்ட வலிதான்" என்றார் நர்ஸ்.

நான் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ட வலிச்சா கண்ண ஏங்க மூடிக்கினு கெடக்குது? கண்ணு டாக்டர வரச் சொல்லுங்க."

மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை, பதில் வரும்வரை நகர்வதில்லை என்று வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரி என்றால் அப்பாதான் பேசுவார். அவர் அன்று கரும்பு வெட்டில் இருந்தார்.

கண் டாக்டர் வந்து மஞ்சள் சொட்டு மருந்து விட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். "மயக்கத்துல இமை சரியா மூடாம கண்ணு காஞ்சிருக்கும்மா. கருவிழி மேல சின்னக் கீறல். களிம்பு போட்டா ரெண்டு மூணு நாள்ல ஆறிடும். ஆனா கசக்கவே கூடாது."

எனக்கோ கசக்குவதைத் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லை. அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முறுக்கினேன், உதைத்தேன், அவள் மணிக்கட்டை நகத்தால் பிறாண்டினேன்.

"இன்னா பண்ணாலும் வுட மாட்டேன்" என்றாள்.

நான் தூங்கும்வரை விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மாதான் அவளுக்கு டீயை ஆற்றி வாயில் ஊற்றினார்.

மூன்றாம் நாள் கண் தெளிந்தது. அதுவரை நான் அம்மாவோடு பேசவே இல்லை. தொண்டைக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டிப்போக வந்த அப்பா அவள் கையைப் பார்த்து, "இன்னாது இது?" என்றார்.

"ஆஸ்பத்திரியில ஒரு பூன பிறாண்டிடுச்சி" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

அது என் நக வேலை என்று தோன்றாமல், நான் அதை அப்படியே நம்பினேன். கண்ணை மூடிக் கிடந்ததால் அந்தப் பூனையைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் பல நாள் வருத்தப்பட்டேன்.