மாமாவின் கல்வெட்டில் என் பெயர்

பதினைந்து வயதில் நான் ஒரு பெரிய எழுத்தாளன். அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பதுதான் சிக்கல். சஞ்சிகை ஒன்றுக்குக் கதை அனுப்பியபோது, கூட வைத்த கடிதத்தில் ‘எனது ஆக்கங்கள் பல மலர்களில் வெளிவந்துள்ளன’ என்று எழுதிவிட்டேன். பாடசாலைச் சுவர்ப்பத்திரிகையில் என் கவிதை ஒன்று குண்டூசியில் தொங்கியது உண்மை. அச்சில் என் பெயர் எங்கேயும் இல்லை.

மூன்றாம் கிழமை சஞ்சிகை ஆசிரியரிடமிருந்து இரண்டு வரி வந்தது. ‘கதை கிடைத்தது. மலர்களில் வந்தவற்றில் ஒன்றையாவது அனுப்பி வையும்.’

தபாற்கந்தோரிலிருந்து நேரே பொலிஸ் வந்து என்னைப் பிடித்துப்போகும் என்றுகூட நினைத்தேன். எதையாவது உடனே அச்சில் ஏற்ற, கோயில் திருவிழா மலர்க் குழுவிடம் ஓடினேன். திருவிழா முடிந்துவிட்டது, அடுத்த வருடம் வா என்றார்கள். நான் சைவப்பிள்ளை என்பதையே மறந்து, மாதா கோயில் செய்திமடலுக்கும் போனேன். “ஞானஸ்நானப் பேர் என்ன, தம்பி?” என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கிழமைதான், மூதூருக்கு ஆளேற்றும் மோட்டார்ப் படகான லோஞ்சில் ரிக்கற் கிழிக்கும் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், நெஞ்சுவலியில் போய்விட்டார். சொல்ல வெட்கம், செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு, இறந்தவரின் படமும் புலம்பல் பாட்டும் போட்டு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். “பாட்டை நான் எழுதுறன் மாமி” என்றேன். மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது. அதிலும் பாதி பயம்.

அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முதல்நாள் பன்னிரண்டு வரி முடித்தேன். ‘குலவிளக்கே, கொடைவள்ளலே’ என்று தொடங்கியது. என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா வாசித்துவிட்டுக் கடதாசியைக் கதிரையில் எறிந்தாள்.

“இதில மாமா எங்கயடா? பேரை மாத்தினா பக்கத்து வீட்டுக்காரருக்கும் சரியா இருக்கும்.”

“அவர் இன்னும் சாகேல்லையே.”

“அப்ப எடுத்து வச்சிரு. உதவும்.”

அவளை வெல்வதற்காகவே மாமாவை உள்ளபடி எழுதினேன். மார்கழிக் கடலில் லோஞ் ஆடும்போது, பயந்து கும்பிடுகிற சனத்திடம் அவர் ரிக்கற் கேட்கமாட்டார். ‘இண்டைக்கு உங்கட குசினியில என்ன கறி?’ என்று கேட்பார். ஒருத்தி சுறா வறை என்பாள். அதற்கு எத்தனை மிளகாய் என்று இன்னொருத்தி சண்டைக்கு வருவாள். சண்டை முடிவதற்குள் கரை வந்துவிடும்.

அந்தியேட்டியன்று மாமி அதை வாசித்துச் சிரித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மூதூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், “ஓம், என்னட்டயும் கேட்டவர். நான் கத்தரிக்காய் எண்டனான்” என்றார்.

என் பெயர் அச்சான அந்தக் கல்வெட்டில் ஒரு பிரதியை ஆசிரியருக்கு அனுப்பினேன். பல மலர்கள் என்றது பொய், இது ஒன்றுதான், அதுவும் செத்தவீட்டுடையது என்று எழுதி, அடியில் நான்கு தடவை மன்னிப்புக் கேட்டேன்.

பதில் வந்தது. ‘கதை வேண்டாம். இந்த மாமாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பும்.’

நான் ‘கதை வேண்டாம்’ என்ற முதலிரண்டு சொல்லோடு போய்ப் படுத்துவிட்டேன்.

“உன்னட்டக் கேட்டிருக்கிறாரடா!” என்றாள் அக்கா.

“அது ஆறுதலுக்கு.”

இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், ஆசிரியரைப் பழிவாங்கும் எண்ணத்தோடு மூன்று பக்கமும் எழுதி அனுப்பினேன். அது அச்சில் வந்தது.

முன்பின் அறியாத ஒரு பையனிடம் ஓர் ஆசிரியர் இன்னொன்று கேட்பதைவிடப் பெரிய சான்றிதழ் எழுதுகிறவனுக்குக் கிடையாது. அது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கடிதத்தை, அடுப்பு மூட்டச் சொல்லி, அம்மாவிடம் நானே கொடுத்துவிட்டிருந்தேன்.